சவரியைப் பற்றி விசாரித்த நாள்

ராக் இசையைப் பற்றி எழுதுகிறவனுக்கு ஒரு தோற்றம் வேண்டும். இருபத்தைந்து வயதில் எனக்கு அது இருந்தது. தோள் வரைக்கும் முடி, காதில் ஒரு வளையம், கறுப்புச் சட்டையில் மண்டை ஓடு. இப்போது நாற்பத்தாறு. முடி தானாகப் போனது, வளையத்தை மாமனாருக்குப் பயந்து கழற்றினேன், மிச்சம் இருந்தது அந்த மண்டை ஓட்டுச் சட்டை மட்டும்தான். அன்றைக்கு ரயிலில் எதிர் சீட்டுக்காரர் அதன் மேல் ஒரு டம்ளர் காபியைக் கவிழ்த்து, 'சாரி சார், கறுப்புதானே, தெரியாது' என்று ஆறுதலும் சொன்னார். பையில் ஒரே ஒரு மாற்றுச் சட்டை. மறுநாள் மதுரையில் நண்பன் மகளுக்குக் கல்யாண வரவேற்பு. அதற்காக என் மனைவி தேய்த்து மடித்து வைத்திருந்த வெள்ளை முழுக்கைச் சட்டை அது. திண்டுக்கல் வருவதற்குள் அதை மாட்டிக்கொண்டேன். தொப்பை, வழுக்கை, மூக்குக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் தோல் பை. ரயில் கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னை 'வாங்க மாமா' என்று கூப்பிடத் தோன்றியது.

திண்டுக்கல்லுக்கு நான் வந்தது ஒரு கிதார் கலைஞனைப் பேட்டி காண. 'கரட்டாண்டி' என்று ஒரு குழு. ஓணானுக்கு இந்தப் பக்கத்தில் அந்தப் பெயர். நாலு பேர், நாலு பேரும் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் மேடை ஏறுவார்கள். அவர்களுடைய முதல் தொகுப்பு வெளிவந்ததிலிருந்து இணையத்தில் அதைக் கேட்காத இளவட்டம் இல்லை. கிதார் வாசிக்கிறவன் பெயர் சவரி என்பதைத் தவிர யாருக்கும் ஒன்றும் தெரியாது. நான்தான் அந்தத் துண்டைப் பற்றி 'முகம் மறுத்தவர்கள்' என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். அடையாளத்தைத் துறப்பது, உழைக்கும் கூட்டத்தின் பொதுமுகம், அப்படி இப்படி என்று நாலாயிரம் வார்த்தை. அதை நானே மூன்று முறை படித்து மெய்சிலிர்த்தேன். அந்தச் சவரியே பேட்டிக்குச் சம்மதித்து விலாசம் அனுப்பினான் என்றதும் ஆசிரியர் அட்டைப்படக் கட்டுரை என்று சொல்லிவிட்டார்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. கலைஞனைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் தெருவைப் பார்ப்பேன். டீக்கடையில், இஸ்திரி வண்டியில், பக்கத்து வீட்டில் பேச்சுக் கொடுப்பேன். பத்திரிகைக்காரன் என்று மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் ஜனங்கள் தலை சீவிக்கொண்டு பொய் பேச ஆரம்பித்துவிடுவார்கள். இருபது வருஷமாக இந்த வழக்கம் எனக்குச் சோறு போட்டிருக்கிறது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து ஜனங்கள் மாதா கோயிலிலிருந்து கறிக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் அப்பாஸ் என்பவரின் டீக்கடை. ஒரு டீ சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டேன்.

"இந்தத் தெருவுல சவரின்னு ஒரு பையன் இருக்காராமே. ஆள் எப்படி?"

அப்பாஸ் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு நேராக நின்றார். பிறகு ஒப்பிக்க ஆரம்பித்தார்.

"தங்கமான பையன். வேடசந்தூர் மில்லுல எலெக்ட்ரீசியன். வேல விட்டா வீடு, வீடு விட்டா வேல. ஞாயித்துக்கெழம தவறாம பூசை. வெத்தல பாக்குகூடப் போட மாட்டான்."

"கிதார் வாசிப்பாராமே?"

"கிதாரா? அவனுக்கு விசில்கூட அடிக்கத் தெரியாதுண்ணே."

டீக்குக் காசு நீட்டினேன். "நீங்க போய்க் காசு குடுக்கிறதாவது" என்று பதறிப்போய் என் கையை மூடிவிட்டார்.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். சவரிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன்னால் பெண் வீட்டிலிருந்து ஒரு மாமாவோ சித்தப்பாவோ ஓசைப்படாமல் மாப்பிள்ளையின் தெருவுக்கு வந்து, டீக்கடையிலும் இஸ்திரி வண்டியிலும் பக்கத்து வீட்டிலும் ஆள் எப்படி என்று விசாரித்துவிட்டுப் போவார். அவர் திருப்திப்பட்ட பிறகுதான் பெண்ணின் போட்டோவே கைக்கு வரும். சவரிக்கு வந்த இடங்களெல்லாம் இந்த விசாரணையில்தான் தட்டிப்போயின. 'பையன் கிதார் அடிக்கிறான்' என்று யாராவது ஒருத்தர் சொல்வார், வந்த மாமா பஸ் ஏறிவிடுவார். சவரியின் அம்மா ஜெயமேரி, ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர். தெருவில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். இந்தத் தடவை அவர் வீடு வீடாகப் போய்ப் பாடம் நடத்தியிருந்தார். கிதார் என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது.

அந்தத் தெரு இரண்டு பேரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்று, பெண் வீட்டு ஆள். இன்னொன்று, சவரி அப்பாஸிடம் ரகசியமாகச் சொல்ல, அப்பாஸ் தெருவுக்கே சொல்லிவிட்டிருந்த பத்திரிகை ஆள். நான் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றேன்.

அடுத்து ஆண்டிச்சாமியின் இஸ்திரி வண்டி. அவரும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நேராக நின்றார். "தங்கமான பையன். வேடசந்தூர் மில்லுல எலெக்ட்ரீசியன். வேல விட்டா வீடு, வீடு விட்டா வேல" என்று அதே வரிகள். வெத்தலை பாக்கில் வந்து கொஞ்சம் தடுமாறினார். எதிர் வீட்டு வாசலிலிருந்து இஞ்ஞாசியம்மாள் என்ற பெண்மணி அடி எடுத்துக் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து மூன்றாவது வீட்டு மாடியிலிருந்து ஒரு கிதார் கிழித்துக்கொண்டு கிளம்பியது. நல்ல முறுக்கேறிய எலெக்ட்ரிக் கிதார். ஆண்டிச்சாமி வண்டியின் மேலிருந்த காக்கை பறந்துபோனது.

"அது என்ன சத்தம்?" என்றேன்.

"கரண்டுக் கம்பி ஒரசுதுங்க" என்றார் ஆண்டிச்சாமி.

"என் வீட்டு மிக்ஸிதான் தம்பி" என்றார் அதே நொடியில் இஞ்ஞாசியம்மாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். இந்தக் கேள்வி டீச்சர் நடத்திய பாடத்தில் இல்லை போலிருக்கிறது. கிதார் சட்டென்று நின்றது. இஞ்ஞாசியம்மாள் வேகமாக உள்ளே போய், இல்லாத சட்னியை அரைக்க மிக்ஸியைப் போட்டார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு தெருவே ஒரு கலைஞனைப் பொத்திப் பாதுகாக்கிறது! யாரிடமிருந்து? மில் முதலாளியா, போலீஸா? ஏழை ஜனங்கள், ஒரு முஸ்லிம் டீக்கடைக்காரர், ஒரு இஸ்திரித் தொழிலாளி, எதிர் வீட்டு அம்மாள், எல்லோரும் உயிரே போனாலும் அவன் கிதார் வாசிப்பதைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். என் கட்டுரையில் நான் ஊகித்ததெல்லாம் கண் முன்னால் நின்றது. நடந்துகொண்டே தலைப்பை யோசித்தேன். கண்ணில் லேசாகத் தண்ணீர்கூட வந்தது. இத்தனை வருஷம் எழுதியதற்கு இன்றைக்குத்தான் பலன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வீட்டு வாசலுக்கு நான் போய்ச் சேர்வதற்கு முன்பே எனக்கு நாற்காலி போட்டாகிவிட்டது. ஜெயமேரி டீச்சர் கூப்பிய கையோடு நின்றார். மெலிந்த உருவம், கஞ்சி போட்ட காட்டன் சேலை.

"வாங்க தம்பி, வாங்க. வெயில்ல வந்திருக்கீக. ஃபேன் இந்தா வந்துரும்." அவர் கையில் ஒரு பீஸ் கட்டை இருந்தது. கிதாரை நிறுத்துவதற்காக வீட்டுக்கே கரண்டைப் பிடுங்கியிருந்தார். அதை மறுபடி சொருகிவிட்டு வந்து, என் முன்னால் கேசரி, உளுந்த வடை, காபி எல்லாம் அடுக்கினார்.

பேட்டி காணப் போன இடத்தில் எனக்குத் தண்ணீருக்கு மேல் யாரும் எதுவும் கொடுத்ததில்லை. வடையைக் கடித்தேன். வாய் நிறைந்திருக்கும்போது டீச்சர் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"பொண்ணு போட்டோ கொண்டாந்திருக்கீகளா தம்பி?"

வடை தொண்டையில் நின்றது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. அப்பாஸ் காசு வாங்காதது, எல்லாரும் நேராக நின்று ஒப்பித்தது, எல்லாம். போலீஸும் இல்லை, மில் முதலாளியும் இல்லை. எனக்கு வந்த ஏமாற்றத்தைச் சொல்லி முடியாது. "அம்மா, நான் வந்து..." என்று தொடங்கினேன். டீச்சர் இன்னொரு வடையை வைத்து வாயை அடைத்தார்.

"எல்லாம் பேசுவோம் தம்பி, மொதல்ல சாப்பிடுங்க. ஏலே சவரி, யாரு வந்திருக்காகன்னு பாரு."

மாடியிலிருந்து இறங்கி வந்தவனுக்கு முப்பத்து மூன்று வயது இருக்கும். படிய வாரிய தலை, கட்டம் போட்ட சட்டை. வங்கியில் வரிசையில் நிற்கிறவன் மாதிரி இருந்தான். என் பையில் எங்கள் பத்திரிகையின் பெயர் அச்சடித்திருந்தது. அவன் அதைப் படித்தான், என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். புரிந்துகொண்டான்.

"மாமா, மாடியச் சுத்திப் பாக்கலாம் வாங்க" என்று என் கையைப் பிடித்துத் தூக்கினான்.

மாடியில் ஒரு தகரக் கொட்டகை. கட்டிலின் மேல் சிவப்பு கிதார், கீழே ஒரு பழைய எம்ப்ளிபயர். சவரி கதவைச் சாத்திவிட்டு, "மன்னிச்சுக்கங்க சார், அம்மா உங்கள வேற ஆளுன்னு நெனச்சுட்டாக. அப்படியே இருந்துட்டுப் போயிருங்க சார், புண்ணியமாப் போகும். செத்த நேரந்தான், கேளுங்க, சொல்றேன்" என்றான்.

நான் ரெக்கார்டரைப் போட்டேன். மனதுக்குள் தயாரித்து வைத்திருந்த கேள்விகளை ஆரம்பித்தேன். முகத்தை மறைக்கிறீர்களே, அதன் அரசியல் என்ன?

"அரசியலா? யூடியூப்ல எம் மொகத்தப் பாத்துட்டு ஒரு சம்பந்தம் வேண்டாம்னு போயிருச்சு சார். அதுல இருந்து துண்டு."

"அப்ப மத்த மூணு பேர்?"

"நான் மட்டும் கட்டுனா தனியாத் தெரியும்ல சார்."

நாலாயிரம் வார்த்தை. அடுத்ததற்குப் போனேன். நூற்பாலையின் இரைச்சல் உங்கள் இசைக்குள் எப்படி வந்து சேர்ந்தது?

"அங்க நாங்க காதுல பஞ்சு வச்சுக்குவோம் சார். ஒண்ணும் கேக்காது."

"உங்கள் கிதாரில் ஒரு தீராத கோபம் இருக்கிறதே, அந்தக் கரகரப்பு..."

"எம்ப்ளிபயர் பழசு சார். அதுவாக் கரகரங்குது. மாத்தணும்."

கடைசியாக, கொஞ்சம் எரிச்சலோடு, எழுதி வைக்காத ஒரு கேள்வியைக் கேட்டேன். பிறகு எதற்காகத்தான் வாசிக்கிறாய் என்றேன். அவன் கிதாரின் கழுத்தைத் தடவிக்கொண்டே யோசித்தான்.

"தெரியல சார். வேல முடிஞ்சு மில்லு பஸ்ல வந்து எறங்குவேன். ஒடம்பெல்லாம் பஞ்சு. குளிப்பேன், சாப்பிடுவேன், அப்பவும் அந்த நாள் முடியாத மாதிரியே இருக்கும். இதுல கொஞ்ச நேரம் வாசிச்சாத்தான் முடியும்."

அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான வரி அதுதான். அடுத்த தொகுப்பு எப்போது என்று கேட்டேன்.

"இல்ல சார். இந்த எடம் அமைஞ்சா நிறுத்திருவேன். அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

எனக்குக் கோபம் வந்தது. கட்டுரை போச்சே என்ற கோபம் பாதி, நிஜக் கோபம் பாதி. அந்தத் தொகுப்பை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன். "வரப்போற பொண்ணுகிட்ட உண்மையைச் சொன்னா என்ன?" என்று கத்தினேன்.

"ரெண்டு எடத்துல சொல்லிப் பாத்தேன் சார். போயிட்டாக. அன்னிக்கு ராத்திரி எங்கம்மா சாப்பிடல." அவன் கிதாரை எடுத்து உறைக்குள் வைத்தான். அப்பா இல்லாத பிள்ளை என்பதை அவன் சொல்லாமலே சுவரில் மாலை போட்ட படம் சொன்னது.

தெருவில் திடீரென்று சிரிப்புச் சத்தம். இருவரும் எட்டிப் பார்த்தோம். அப்பாஸ் கடை முன்னால் ஒரு ஸ்கூட்டி நின்றது. சுடிதாரும் முதுகுப் பையுமாக ஓர் இளம்பெண், கையில் போனை நீட்டிப் பிடித்திருந்தாள். சுற்றிலும் தெருவே கூடியிருந்தது. அப்பாஸ் டீ வடிகட்டியை மார்போடு அணைத்துக் கிதார் வாசிப்பது போல ஆடிக் காட்டினார். ஆண்டிச்சாமி கையை மேலே வீசி ஏதோ வெடித்ததை விவரித்தார். இஞ்ஞாசியம்மாள் காதைப் பொத்திக்கொண்டு கண்ணை உருட்டினார். எல்லார் முகத்திலும் அவ்வளவு குஷி.

"பத்திரிகைப் பொண்ணு போல. நல்லாப் பேசுறாங்க" என்றான் சவரி சிரித்துக்கொண்டே. சிரிப்பு பாதியில் நின்றது. என் பக்கம் திரும்பினான்.

"சார், பத்திரிகை நீங்கதானே?"

"ஆமா."

"அப்ப அது யாரு?"

நாங்கள் படியில் விழுந்து எழுந்து கீழே ஓடினோம். அதற்குள் அவள் வாசலுக்கு வந்துவிட்டாள். ஜெயமேரி டீச்சர் இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு வழி மறித்து நின்றார்.

"பேப்பருக்கெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம் தாயி. இப்பப் போயிட்டு இன்னொரு நாளைக்கு வா. உள்ள பொண்ணு வீட்டுக்காரவுக வந்திருக்காக."

"எந்தப் பொண்ணு வீட்டுக்காரங்க?" என்றாள் அவள்.

"எம் மவனுக்குப் பாத்திருக்கிற பொண்ணு. வத்தலக்குண்டுல. பேரு டெய்சி."

"அது நான்தான்."

டீச்சரின் கை நிலையிலிருந்து நழுவியது. டெய்சி அவருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். "எங்க வீட்ல இருந்து வேற யாரும் வரலியே. இவரு யாரு?"

நான் யாரென்று சொன்னேன். இப்படி வெட்கப்பட்டு நான் என் தொழிலைச் சொன்னதே இல்லை. டீச்சர் என்னைப் பார்த்தார், பிறகு நான் தின்று முடித்திருந்த வடைத் தட்டைப் பார்த்தார்.

டெய்சி உள்ளே வந்து உட்கார்ந்தாள். வத்தலக்குண்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்ப்பவளாம். "எங்கக்காவுக்கு மாப்பிள்ள பாத்தப்ப எங்க மாமா போயித்தான் விசாரிச்சாரு. தெருவுல அம்புட்டுப் பேரும் தங்கமான பையன்னாங்க. இருந்த தங்கத்தையும் வித்துக் குடிச்சான். அதான் இந்தத் தடவ நானே வந்தேன்." போனை மேசையின் மேல் வைத்தாள். "உங்க தெருவுல எதையும் கேக்கவே வேண்டியதில்ல. அவங்களாவே கொட்டுறாங்க."

டீச்சர் ஆடிப்போனார். "என்ன சொன்னாக தாயி?"

"கிதாரக் கரண்டுல மாட்டி இவரு ட்ரான்ஸ்பார்மர வெடிக்க வச்சாராம். ஈஸ்டர் பூசையில பாடகர் குழுவுல நின்னு வாசிச்சு, சாமியார் பிரசங்கத்த மறந்துட்டாராம். குழுவுல இருந்து இவரக் கழட்டி விட்டுட்டாங்களாம். பக்கத்து வீட்டுப் பசு இவரு வாசிச்சா பால் குடுக்காதாம். இம்புட்டும் பேப்பர்ல வரணும்னு போட்டோவுக்கு வேற நின்னாங்க."

"பசுவெல்லாம் பொய்" என்றான் சவரி. "ட்ரான்ஸ்பார்மர் நெசம்."

வாசலில் நிழல்கள் அசைந்தன. தெரு முழுக்கச் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. என்ன நடந்துவிட்டது என்று அவர்களுக்கும் எட்டியிருக்க வேண்டும். யாரோ ஒருவர் அப்பாஸைத் திட்டும் குரல் கேட்டது. 'வெள்ளச் சட்ட போட்டிருந்தா நான் என்ன பண்றது' என்று அப்பாஸ் முனகினார்.

ஜெயமேரி டீச்சர் டெய்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷம் பிள்ளைகளை அதட்டிய குரல் கெஞ்சியது. "விட்டுருவான் தாயி. எனக்குச் சத்தியம் பண்ணிருக்கான். கல்யாணம் முடிஞ்ச மறுநாள்ல இருந்து அதத் தொட மாட்டான். குடி கெடையாது, கெட்ட சகவாசம் கெடையாது. இந்த ஒண்ணுதான். நான் போயிட்டா இவனுக்கு ஒரு வா சோறு போட ஆளில்ல."

"விடுவீங்களா?" என்று டெய்சி சவரியைக் கேட்டாள்.

அவன் தரையைப் பார்த்தான். "சத்தியம் பண்ணிட்டேங்க."

"எனக்கு அது வேண்டாம்" என்றாள் அவள். "எனக்காக விட்டுட்டு வர்ற ஆளு, நாளைக்குச் சோத்துல உப்பு கூடுனாக்கூட உனக்காகத்தான விட்டேன்னு சொல்லிக் காட்டுவாரு. சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டு இருக்கணும்." பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்: "ஆனா ஒண்ணு. இம்புட்டுப் பேரு இம்புட்டுக் கத சொன்னாங்க. நல்லா வாசிப்பாருன்னு ஒருத்தர்கூடச் சொல்லல. வெறும் சத்தந்தான்னா அதுவும் எனக்கு வேண்டாம்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க இதுக்கே எழுதுறவரு. நீங்க சொல்லுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாசலில் முனகல் நின்றது. நான் தொண்டையைச் செருமினேன். "இவருடைய வாசிப்பில் மரபின் மீறலும், அதே நேரத்தில் ஒரு வகையான பின்னோக்கிய..."

"சார். நல்லா வாசிப்பாரா, வாசிக்க மாட்டாரா?"

இருபது வருஷமாக எழுதுகிறேன். என் கட்டுரையால் ஒருவன் ஒரு கச்சேரிக்குப் போனான், போகாமல் இருந்தான் என்பதற்குக்கூட எனக்கு அத்தாட்சி கிடையாது. இப்போது நான் சொல்கிற ஒரு சொல்லில் ஒரு கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது, ஒருவனுடைய கிதார் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாகவே இருந்தது. ஆனால் பதில் என்னவோ எனக்கு நன்றாகத் தெரிந்த பதில்தான்.

"நல்லா வாசிப்பார்மா" என்றேன். "ரொம்ப நல்லா வாசிப்பார். நான் கேட்ட வரைக்கும் இவரை மாதிரி வாசிக்கிற ஆள் இந்தப் பக்கத்துல இப்போ கிடையாது."

சவரி தலை நிமிர்ந்து பார்த்தான். காது மடல் சிவந்திருந்தது. டீச்சர் டெய்சியின் கையை விட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"அப்ப ஒரு பாட்டு கேட்டுட்டுப் போறேன்" என்றாள் டெய்சி.

சவரி அம்மாவைப் பார்த்தான். டீச்சர் அதைப் பார்க்காதது போலக் காலித் தட்டுகளை அடுக்கினார். அவன் மேலே போய்க் கிதாரையும் எம்ப்ளிபயரையும் தூக்கிக்கொண்டு வந்து, கூடத்து மூலையில் இருந்த ப்ளக்கில் மாட்டினான். டீச்சர் வழக்கம்போல் அடுப்படிக்குப் போக எழுந்தார்.

"நீங்களும் உக்காருங்க அத்த" என்றாள் டெய்சி.

அந்த 'அத்தை'யைக் கேட்டு டீச்சர் திரும்பிப் பார்த்தார். அப்படியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மகன் வாசிக்க அவர் எதிரே உட்காருவது அதுதான் முதல் தடவை என்று பிறகு சவரி என்னிடம் சொன்னான்.

தொகுப்பில் கடைசியாக வருகிற பாட்டை ஆரம்பித்தான். அதில் பாடுகிற குரல் இல்லை, வெறும் கிதார் மட்டும். எனக்கு மனப்பாடமானது. மூவாயிரம் பேருக்கு முன்னால் அவன் அதை வாசித்த வீடியோவைப் பார்த்திருக்கிறேன், விரல் கம்பியில் பட்ட மாதிரியே இருக்காது. இங்கே இரண்டு பெண்களுக்கும் ஒரு வழுக்கைத் தலைக்கும் முன்னால் அவன் விரல் கம்பியைத் தேடித் தடவியது. முதல் வரியிலேயே ஒரு சுரம் பிசகியது. இரண்டாவது திருப்பத்தில் தாளம் தள்ளாடியது. நடுவில், எல்லாம் அடங்கி, ஒரே ஒரு கம்பியை மேலே இழுத்து நிறுத்துகிற இடம் ஒன்று வரும். அந்தத் தொகுப்பையே தூக்கி நிறுத்துகிற இடம். பயத்தில் அவன் அதை விட்டுவிட்டே தாண்டிப் போய்விட்டான். நான் கேட்டதிலேயே ஆக மோசமான வாசிப்பு அதுதான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ரொம்ப நல்லா வாசிப்பார் என்று இப்போதுதானே சொன்னேன்! வாசலில் யாரோ இருமினார்கள். டெய்சியின் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

"ஏலே, நிறுத்து."

சொன்னது ஜெயமேரி டீச்சர். சவரி நிறுத்தினான். கம்பிகளை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான்.

"அது எங்கடா?" என்றார் டீச்சர்.

"எதும்மா?"

"நடுவுல ஒண்ணு வருமே. எல்லாம் அடங்கி, ஒத்தையா ஒரு இழு இழுப்பியே, அழுகுறாப்புல. அத ஏன் விட்டுட்ட?"

சவரி வாயைத் திறந்தபடி அம்மாவைப் பார்த்தான். "நீ கேப்பியாம்மா?"

"பின்ன? பதினஞ்சு வருசமா நீ வாசிக்கிற வீட்டுலதான இருக்கேன், நான் என்ன செவிடா?" டீச்சரின் குரல் உடைந்தது. அதை அதட்டலால் மூடிக்கொண்டார். "வீட்டுக்கு வந்த பிள்ள முன்னாடி அரகொறையா வாசிச்சு என் மானத்த வாங்காத. மொதல்ல இருந்து வாசி."